கரையும் பிளேட், கரையும் ஸ்க்ரூ: டிராலிப் பக்கம் நிற்பவரின் விமர்சனம்

உடைந்த எலும்பையோ வெட்டிய எலும்பையோ கூடும் வரை இணைத்துப் பிடித்து, பிறகு உடம்பிலேயே கரைந்துபோகும் பிளேட், ஸ்க்ரூ பற்றியது இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் மண்டை ஓட்டுக்கு என்றால் இந்தக் கரையும் பிளேட்டையும் ஸ்க்ரூவையும்தான் எடுக்கச் சொல்வேன். பெரியவர்களின் கீழ்த்தாடைக்கு என்றால், பக்கத்துத் தட்டில் டைட்டானியம் உலோக பிளேட் இருக்கும்போது இதில் கைவைக்க எனக்கு மனம் வராது. நடுவில் இருக்கிற கன்ன எலும்பு, மேல்தாடை, கண் குழி எல்லாம் ஆளையும் முறிவையும் பொறுத்தது.

நான் சர்ஜன் இல்லை. முகம், தாடை, மண்டை ஓடு ஆபரேஷன்கள் நடக்கும் தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸ். பிளேட் பையைப் பிரித்து வாங்குவது, வெந்நீரில் போட்டு எடுப்பது, ஸ்க்ரூவை டிரைவர் முனையில் மாட்டி நீட்டுவது, உடைந்த துண்டை எண்ணி வைப்பது எல்லாம் என் வேலை. இந்தச் சாமானைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எலும்பு கூடியதா, கூடவில்லையா என்று மட்டும் எழுதுகிறார்கள். கையில் பிடித்து வேலை செய்யும்போது எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் இது.

கம்பெனிப் பிரதிநிதிகள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள். "உடம்பிலேயே கரைந்துவிடும், எடுக்க இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவர்களுக்குப் போடும் டைட்டானியத்தை நாங்கள் எல்லோருக்கும் எடுப்பதே இல்லை. சீழ் பிடித்தால், ஸ்க்ரூ தளர்ந்தால், தோலுக்கு அடியில் உறுத்தினால், குளிரில் அந்த இடம் கூசுகிறது என்று வந்தால் எடுப்போம். மற்றவர்களுக்கு அது ஆயுசுக்கும் அங்கேயே கிடக்கும், ஒரு தொந்தரவும் தராது. ஆகவே "இரண்டாவது ஆபரேஷன் மிச்சம்" என்ற கணக்கு பெரியவர்களில் கொஞ்சம் ஊதிச் சொல்லப்பட்ட கணக்கு.

அவர்களிடம் நான் கேட்பது வேறு கேள்வி. எப்போது கரையும் என்பதை விடுங்கள், எப்போது வலு போகும்? இரண்டும் ஒன்றில்லை. முகத்து எலும்பு உறுதியாகக் கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அந்த எட்டு வாரம் பிளேட் தாங்க வேண்டும். அதற்குப் பிறகு அது ஒரு வருடத்தில் போனால் என்ன, மூன்று வருடத்தில் போனால் என்ன என்று தோன்றும். அந்த இரண்டாம் பகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு, பின்னால் வருகிறேன்.

பொருளாகப் பார்த்தால் இது கரையும் தையல் நூலின் குடும்பம்தான். பாலிலாக்டிக் அமிலம், பாலிகிளைகோலிக் அமிலம் என்ற இரண்டு பாலிமர்கள். அவற்றைத் தனியாகவோ கலந்தோ வார்க்கிறார்கள். உடம்பில் உள்ள நீர் உள்ளே புகுந்து நீண்ட சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. முதலில் சங்கிலி குட்டையாகும், அப்போதே வலு குறையும். எடையும் உருவமும் அப்படியே இருக்கும். அப்புறம்தான் துண்டு துண்டாக உடைந்து, கடைசியில் லாக்டிக் அமிலமாகி, உடம்பு அதைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேற்றும். ஓடினால் தசையில் சேருமே, அதே லாக்டிக் அமிலம்தான். 1971-லேயே பாலிலாக்டிக் அமிலத்தை வைத்துத் தாடை முறிவை இணைத்துப் பார்த்த ஆய்வு வந்துவிட்டது. ஆனால் முகத்துக்கும் மண்டைக்குமான முழு செட்டாக, அமெரிக்க அனுமதியோடு லாக்டோசார்ப் வந்தது 1996-இல். அதில் 82 பங்கு பாலி-எல்-லாக்டிக், 18 பங்கு பாலிகிளைகோலிக். ஏறக்குறைய ஒரு வருடத்தில் போய்விடும். பிறகு வந்த கம்பெனிகள் விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கின்றன: எல்-லாக்டிக்கும் கிளைகோலிக்கும் 85-க்கு 15, எல் வகையும் டி-எல் வகையும் 70-க்கு 30, முழுக்க டி-எல் வகை என்று. (எல், டி என்பவை லாக்டிக் அமிலத்தின் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்கள்; டி-எல் என்றால் இரண்டும் கலந்தது.) விகிதம் மாறினால் கரையும் வேகம் மாறும், சூட்டில் வளையும் குணமும் மாறும். இரண்டு கம்பெனிப் பெட்டியும் ஒன்றுதான் என்று நினைத்து எடுத்தால் தியேட்டரில் அவதிப்படுவோம்.

இனி கைப்பழக்கம்.

டைட்டானியம் பிளேட்டை இடுக்கியால் வளைக்கலாம். வளைத்தால் அப்படியே நிற்கும். இது அப்படியல்ல. அறை வெப்பத்தில் வளைக்கப் பார்த்தால் பெரும்பாலான வகைகள் ஒன்று பழைய நிலைக்கே திரும்பும், அல்லது வெள்ளைக் கோடு விழுந்து பலவீனமாகும். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டால் பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்த பாலிமர்கள் 55, 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகுகின்றன. அதனால் பக்கத்தில் ஸ்டெரைல் வாட்டர் பாத் ஒன்று சூடாக இருக்க வேண்டும். சில செட்டுக்கு சூட்டுப் பை கொடுப்பார்கள். பிளேட்டை முக்கினால் சில வினாடிகளில் துவண்டுவிடும். எடுத்து எலும்பின் மேல் வைத்து விரலால் அழுத்தி, ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். ஆறியதும் எலும்பின் வளைவை அச்சாக எடுத்துக்கொண்டு விறைத்து நிற்கும். பிடிக்காவிட்டால் மறுபடி முக்கலாம். இந்த ஒரு வேலையில் இது டைட்டானியத்தை மிஞ்சிவிட்டது. நெற்றிப் பட்டையின் வளைவுக்கு உலோகத்தை இடுக்கியால் நெளித்து நெளித்துப் பொருத்துவதைப் பார்த்தவர்களுக்கு, சூடான மெஷ், அதாவது வலைத் தகடு, நெற்றியில் படிந்து உட்காருவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டலாம். ஓரம் உறுத்தினால் மழுக்கிவிடலாம்.

ஃபின்லாந்தின் தாம்பரே பல்கலைக்கழகத்து ஆட்கள் பாலிமர் இழைகளை அதே பாலிமரால் வலுவூட்டி ஒரு வகை கண்டுபிடித்தார்கள். அதை அறை வெப்பத்திலேயே வளைக்கலாம், வாட்டர் பாத் வேண்டாம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. டிராலியில் ஒரு சாமான் குறைந்தாலே எனக்கு நல்ல நாள்.

ஸ்க்ரூவுக்கு வருவோம். என் புகாரில் பாதி இங்கேதான். டைட்டானியம் ஸ்க்ரூ தானே துளைத்துத் தானே மரை போட்டுக்கொள்ளும். டிரைவரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. கரையும் ஸ்க்ரூவுக்கு எலும்பைத் துளைக்கும் கடினம் கிடையாது. முதலில் டிரில், அடுத்து டேப் என்ற மரைவெட்டும் கருவியால் மரை வெட்ட வேண்டும், அப்புறம் ஸ்க்ரூ. ஒவ்வொரு துளைக்கும் மூன்று கருவி கை மாறும். ஒரு பிளேட்டுக்கு நாலு ஸ்க்ரூ, மூன்று நாலு பிளேட் என்று போனால் எத்தனை முறை நீட்டி வாங்குவோம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டேப்பை நேராகப் பிடிக்க வேண்டும், அடிவரை போக வேண்டும். அரைவாசியில் நிறுத்தினால் ஸ்க்ரூ அங்கே முட்டும். சர்ஜன் இன்னும் கால் சுற்று திருகுவார். டிக் என்று பென்சில் முனை ஒடிகிற சத்தம் கேட்கும். தலை கையோடு வந்துவிடும், உடல் எலும்பில் நிற்கும்.

அப்போது தியேட்டரில் ஒரு அமைதி வரும் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த உதவி டாக்டர் என்றால் முகம் வெளுத்துவிடும். ஆனால் இந்த விபத்து டைட்டானியத்தில் நடந்தால்தான் பெரிய தலைவலி. இங்கே ஒன்றுமே இல்லை. உடைந்த ஸ்க்ரூவை எடுக்கவே வேண்டாம். அதன் மேலேயே டிரில்லை வைத்து நேராகத் துளைத்து, டேப் போட்டு, புது ஸ்க்ரூவை ஏற்றிவிடலாம். பழையது துகளாகி வந்துவிடும். உலோகத்தில் இதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. தலை எலும்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால் சூடான கருவியால் இழைத்துச் சமப்படுத்திவிடுவோம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மரை வேண்டாம் என்று முடிவு செய்து, அல்ட்ராசவுண்டால் ஆணியை உருக்கி இறக்குகிற முறை. சோனிக்வெல்ட் என்ற பெயரில் வருகிறது. துளைத்து, ஆணியை அதிரும் முனையில் மாட்டி அழுத்தினால், ஓரிரு வினாடியில் ஆணியின் பக்கங்கள் உருகி எலும்பின் நுண் அறைகளுக்குள் புகுந்து இறுகும். தலை பிளேட்டோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தையின் மெல்லிய எலும்பில் மரை பிடிக்க ஆழமே இருக்காது. அங்கே இது உயிர்காப்பான். டேப் என்ற கருவியே டிராலியை விட்டுப் போய்விடுவதால் என் கையும் காலியாகிறது. ஆனால் தனி ஜெனரேட்டர், அதற்கென்று ஒரு கைப்பிடி, காலால் மிதிக்க ஒரு சுவிட்ச் என்று சாமான் கூடுகிறது. தவறான இடத்தில் இறங்கிவிட்டால் திருகி எடுக்க முடியாது, துளைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, குழந்தை மண்டை ஓட்டுக்கு ஏன் இத்தனை பரிந்துரை என்று சொல்கிறேன்.

குழந்தையின் மண்டை ஓட்டில் எலும்புகளுக்கு இடையே மூட்டுக்கோடுகள் இருக்கும். மூளை வளர வளர அவை விட்டுக்கொடுக்கும். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 2000, 2500 பேரில் ஒருவருக்கு இந்தக் கோடுகளில் ஒன்றோ பலவோ முன்கூட்டியே மூடிக்கொள்ளும். கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். தலை நீண்டோ, முக்கோணமாகவோ, ஒருபக்கம் சப்பையாகவோ வளரும். சர்ஜன்கள் எலும்பைத் துண்டுகளாக எடுத்து, மேசைமேல் வைத்து, திருப்பிப் போட்டு, வடிவம் கொடுத்து மறுபடி இணைப்பார்கள். இந்த இணைப்புக்கு முன்பெல்லாம் டைட்டானியமும் கம்பியும்தான்.

வளரும் மண்டை ஓட்டில் எலும்பு வெளிப்பக்கம் படிந்துகொண்டே போகும், உட்பக்கம் கரைந்துகொண்டே வரும். வெளியே பொருத்திய உலோகம் அசையாமல் இருக்க, அதைச் சுற்றி எலும்பு நகர்கிறது. சில வருடம் கழித்துப் பார்த்தால் வெளியே வைத்த பிளேட் எலும்புக்குள்ளே இருக்கும். இன்னும் கழித்து, ஸ்க்ரூ முனை மூளையை மூடியிருக்கும் சவ்வின் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். யாரும் தவறு செய்யவில்லை, ஸ்க்ரூவும் நகரவில்லை. குழந்தை வளர்ந்தது, அவ்வளவுதான். இப்படி உள்ளே போன உலோகத்தை இரண்டாவது ஆபரேஷனில் தோண்டி எடுப்பதை டிராலிப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு கரையும் பிளேட்டின் மற்ற குறைகள் எல்லாம் எனக்குச் சின்னதாகத் தெரிகின்றன.

போதாக்குறைக்கு, மண்டை ஓட்டில் மெல்லும் தசையின் பெரிய இழுப்பு இல்லை. கொஞ்ச வாரம் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், குழந்தை எலும்பு மளமளவென்று கூடிவிடும். பலவீனமான பிளேட்டுக்கு லேசான வேலை. பொருத்தம் என்றால் இதுதான். சில சர்ஜன்கள் துண்டுகளை மேசையிலேயே உட்பக்கமாக பிளேட் போட்டு இணைத்துவிட்டு அப்படியே தூக்கி வைப்பார்கள். வெளியே தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. உலோகத்தை வேண்டுமென்றே மூளைப் பக்கம் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பெற்றோர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஒரு தடவை வார்டில் டிரெஸ்ஸிங் மாற்றப் போனபோது ஒரு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் நெற்றி ஓரத்தில் வைத்தார். "சிஸ்டர், இங்க தொட்டுப் பாருங்க, கட்டியா இருக்கு. இது கரையும்னு சொன்னாங்களே?" தொட்டால் பிளேட்டின் ஓரம் நன்றாகவே தெரிந்தது. "கரையும்மா, ஆனா இன்னும் ஒரு வருஷம்போல ஆகும்" என்றேன். "நடுவுல கொஞ்சம் வீங்கின மாதிரிகூட ஆகும், அப்ப பயந்துடாதீங்க, ஆனா காட்டிட்டுப் போங்க." அதை எங்களில் யாரும் ஆபரேஷனுக்கு முன்னால் அவரிடம் விளக்கியிருக்கவில்லை. கரையும் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே போய்விடும் என்று நினைத்திருந்தார். பிளேட் நீரை உறிஞ்சி உடையத் தொடங்கும் மாதங்களில் அந்த இடம் லேசாக எழும்பி, பிறகு தானே அமுங்குவது நடக்கிற விஷயம்தான். சிவந்து, சூடாகி, நீர் வடிந்தால் அது வேறு. உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதை எழுதி ஒரு தாள் கொடுத்தால் எத்தனை இரவுத் தூக்கம் மிச்சமாகும்!

இப்போது பெரியவர்களின் தாடை. இங்கே எண்ணைச் சொல்லாமல் புரிய வைக்க முடியாது. டைட்டானியத்தின் விறைப்பு ஏறக்குறைய 110 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). எலும்பின் கெட்டியான வெளிப்படலம் 10 முதல் 20. இந்த பாலிமர்கள் வெறும் 3 முதல் 5. அந்தக் குறைவை ஈடுகட்ட பிளேட்டைத் தடிமனாக வார்க்கிறார்கள். முகத்தின் நடுப்பகுதிக்கு டைட்டானியம் அரை மில்லிமீட்டர் சுமாரில் இருக்க, கரையும் பிளேட் ஒரு மில்லிமீட்டரைத் தொடும், தாண்டும். கண்ணிமைக்குக் கீழே, மெல்லிய தோலுக்கு அடியில் அந்த அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கைக்கும் தெரியும், கண்ணாடியிலும் தெரியும். கீழ்த்தாடையில் வேறு பிரச்சினை. மெல்லும்போது தாடை வளைகிறது, மேலோரம் விரிகிறது, கீழோரம் அழுந்துகிறது. அதை நாள் முழுக்கத் தாங்க வேண்டும். சுக்குநூறான முறிவு, பல்லில்லாத மெலிந்த தாடை, சீழ் பிடித்த இடம், இதற்கெல்லாம் இதைப் போடக் கூடாது என்று கம்பெனியின் தாளிலேயே எழுதியிருக்கும். சிறிய எழுத்தில் இருக்கும், படிக்க வேண்டும்.

நெதர்லாந்தில் 230 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து ஒரு ஆய்வு நடத்தி 2012-இல் வெளியிட்டார்கள். கரையும் பிளேட் விழுந்தவர்கள் 117 பேர். அதில் 25 பேருக்கு ஆபரேஷன் நடுவிலேயே சர்ஜன் டைட்டானியத்துக்கு மாறிவிட்டார். ஐந்தில் ஒருவர்! இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. தாடை கேஸில் கரையும் செட் என்று லிஸ்டில் எழுதியிருந்தாலும் டைட்டானியம் டிரேயைப் பக்கத்தில் தயாராக வைக்காமல் நான் கையுறை போடுவதில்லை. மாறாமல் முடிந்தவர்களுக்குப் பாதுகாப்பாகவே இருந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். போட்டு முடித்துவிட்டால் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யும். போட்டு முடிப்பதுதான் பாடு. முடித்த பிறகும் சில வாரம் மேல் பல்லையும் கீழ் பல்லையும் எலாஸ்டிக்கால் பிடித்து வைப்பார்கள்; கூழாகக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டும். நோயாளிக்கு அதை முன்னாலேயே சொல்லுங்கள்.

கன்ன எலும்பு ஒரே துண்டாக இறங்கியிருந்து, தூக்கினால் சரியாக உட்காருகிறது என்றால் தாராளமாகப் போடலாம். மேல்தாடையை வெட்டிக் கொஞ்சமாக முன்னே கொண்டுவருவதற்கும் போடலாம். கண் குழியின் தரையில் சின்ன ஓட்டை என்றால் பாலிடையாக்ஸனோன் என்ற இன்னொரு கரையும் பாலிமரின் மெல்லிய தகடு அழகாகப் படுத்துக்கொள்ளும். ஓட்டை பெரிது என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. தகடு கரைந்த பிறகு கீழே தாங்க ஒன்றுமில்லை என்றால் கண் உள்ளே இறங்கும். அப்புறம் இரண்டாகத் தெரிகிறது என்று நோயாளி வருவார்.

முன்பு விட்டுவைத்த இரண்டாம் பகுதிச் சிக்கல் இதுதான். மெதுவாகக் கரைந்தால் நல்லது என்று முதலில் நினைத்தார்கள். சுத்தமான பாலி-எல்-லாக்டிக் அமிலத்தில் பிளேட் செய்து நெதர்லாந்தில் கன்ன எலும்பு முறிவுகளுக்குப் போட்டார்கள். எலும்பு எல்லாருக்கும் கூடியது. மூன்று வருடம் போன பிறகு சிலர் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார்கள். திறந்து பார்த்தால் பிளேட் போயிருந்தது, ஆனால் அதன் படிகத் துகள்கள் போகவில்லை. உடம்பு அவற்றைச் சுற்றிச் சதை கட்டியிருந்தது. 1993-இல் வெளியான அந்த அறிக்கைக்குப் பிறகுதான் எல்லாரும் கலவைக்கு மாறினார்கள். டி வகையைச் சேர்த்தால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாவது தடைபடும், மிச்சம் வைக்காமல் போகும். மறுபக்கம் பாலிகிளைகோலிக் அதிகமானால் வேகமாகக் கரைந்து ஒரே நேரத்தில் நிறைய அமிலம் சேரும். சீழ் இல்லாமலே சீழ்க்கட்டி மாதிரி நீர் வடியும். கணுக்கால் முறிவுகளில் ஃபின்லாந்து டாக்டர்கள் அதை நிறையப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இன்றைய விகிதங்கள் எல்லாம் இந்த இரண்டு தொல்லைகளுக்கும் நடுவில் பிடித்த இடங்கள். ஆகவே "எங்களுடையது மற்றவர்களைவிட மெதுவாகக் கரையும்" என்று ஒரு பிரதிநிதி பெருமையாகச் சொன்னால் அதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

உடம்பில் கரையும் உலோகமான மெக்னீசியம் வரப்போகிறது, அது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று மாநாட்டுக்குப் போய் வருகிறவர்கள் சொல்வார்கள். அது ஒன்றும் புதுசில்லை. 1900-களின் தொடக்கத்திலேயே பெல்ஜியத்தின் லாம்போட் ஒரு மெக்னீசியம் பிளேட்டைக் காலில் போட்டுப் பார்த்தார். எட்டு நாளில் சிதைந்து தோலுக்கு அடியில் வாயு சேர்ந்தது. இப்போதைய கலப்புலோகங்கள் எவ்வளவோ மேல்தான். இருந்தாலும் முகத்தில் அது என் டிராலிக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

பெட்டி, பை, இருப்பு வைப்பது பற்றியும் இரண்டு வார்த்தை. ஈரமும் சூடும் இதற்கு எதிரி. அலுமினியப் பையில் அடைத்து வரும். 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லும் செட்டை ஜன்னல் ஓர அலமாரியில் வைத்தால், காலாவதித் தேதி என்னவாக இருந்தாலும் அதை நம்ப மாட்டேன். டைட்டானியம் டிரேயில் மிஞ்சிய ஸ்க்ரூ மறுபடி ஆட்டோகிளேவுக்கு (நீராவியால் கிருமி நீக்கும் பெட்டி) போய் அடுத்த கேஸுக்கு வரும். இதை ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிப் போகும். பிரித்தால் பிரித்ததுதான். ஆகவே சர்ஜன் "ஆறு மில்லிமீட்டர் பிரிங்க" என்று சொல்லி முடிக்கும் முன் பிரிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்த கேஸில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நல்லது. அளந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

ஸ்கேன் விஷயத்தில் டாக்டர்களுக்குச் சந்தோஷம், எனக்குப் பாதி சந்தோஷம். எம்.ஆர்.ஐ., சி.டி. எதிலும் இது நிழல் கட்டாது. கட்டி எடுத்த மண்டையில் மறுபடி கட்டி வருகிறதா என்று பார்க்கவும், கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கவும் அது பெரிய வசதி. ஆனால் எக்ஸ்ரேயில் பிளேட்டே தெரியாது. ஸ்க்ரூ போட்ட துளை மட்டும் கருப்பாகத் தெரியும். பிளேட் உடைந்திருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று எலும்பைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஜப்பானில் எலும்பிலேயே இருக்கும் தாதுப்பொருளான ஹைட்ராக்ஸி அபடைட் துகளைக் கலந்து செய்யும் வகை எக்ஸ்ரேயில் தெரிகிறது, எலும்பும் அதோடு ஒட்டி வளர்கிறது. ஆனால் அது முழுதாகப் போக ஐந்து வருடம் வரை ஆகலாம்.

எனக்குப் பாதி சந்தோஷம் என்றது எண்ணிக்கைக்காக. ஆபரேஷன் முடியும்போது உள்ளே போனது, வெளியே இருப்பது, உடைந்தது எல்லாம் கணக்கு ஒத்துப்போக வேண்டும். உலோகத்தில் ஒரு ஸ்க்ரூ குறைந்தால் எக்ஸ்ரே எடுத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். இங்கே ஒடிந்த ஸ்க்ரூத் தலை ஒன்று காணாமல் போனால் எக்ஸ்ரே உதவாது. அது கண்ணாடித் துணுக்கு நிறத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் அளவில், நனைந்த துணியின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு பக்கம் குனிந்து, சக்ஷன் பாட்டிலை வடிகட்டி, விளக்கைச் சாய்த்துத் தேடுவோம். மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அதனால் கம்பெனிகளுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். கரையும் தையல் நூலுக்கு எத்தனையோ வருடமாக ஊதாச் சாயம் போடுகிறீர்கள். சாயமும் நூலோடு போய்விடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கையாண்ட ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை நிறமே இல்லாதவை. நாலு மில்லிமீட்டருக்கு ஒரு நிறம், ஆறுக்கு ஒரு நிறம் என்று போட்டுக்கொடுங்கள். நீளத்தை டிரேயின் ஓரத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய தொல்லையும் அத்தோடு தீரும்.